நடு இரண்டு கம்பிகள்

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்தி தாண்டியதும் ஏ-9 வீதிக்குக் குறுக்கே அந்தப் பதாகை தொங்கியது. கோட்டுப் போட்ட பரமேஸ்வரனின் படம். பக்கத்தில் 'வன்னி மண்ணின் விஞ்ஞானி' என்று சிவப்பெழுத்து. கீழே, 'அறை வெப்பநிலையில் மீகடத்தி: உலகச் சாதனை.' சுரேகா ஸ்கூட்டரை ஓரம் கட்டி மூன்று தடவை வாசித்தாள். தன் பெயரைத் தேடினாள். அச்சகத்தின் தொலைபேசி இலக்கம் இருந்தது. அவள் பெயர் இல்லை.

டெங்குக் காய்ச்சலில் இரண்டு கிழமை ஆசுபத்திரியில் கிடந்து எழும்பியவள் அன்றுதான் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் வாழும் ஊரவர்களின் உதவியால் எழும்பிய அந்த அறிவியல் நிறுவனத்தில் அவள் ஆறு வருடங்களாகப் பௌதிகவியல் விரிவுரையாளர். பரமேஸ்வரன் அந்தத் துறையின் தலைவர். ஒரே ஆய்வுகூடம், அதன் பூட்டுக்கு ஒரே திறப்பு, ஆறு வருடச் சண்டை.

சண்டை தொடங்கியது இலத்திரன்களில். எந்தக் கம்பியில் மின்சாரம் ஓடினாலும் ஒரு பங்கு சூடாகி வீணாகும். அப்படி வீணாகாமல், தடையே இல்லாமல் ஓடவிடும் பொருள் மீகடத்தி. அதற்கு இலத்திரன்கள் சோடி சேர வேண்டும். ஒன்றையொன்று தள்ளும் இலத்திரன்கள் எப்படிச் சோடி சேரும்? ஈயம், பாதரசம் போன்ற பழைய மீகடத்திகளில் அணுக்களின் அடுக்கு அதிர்ந்து அவற்றைச் சேர்த்துவைக்கிறது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட கதை. ஆனால் செப்பு ஒட்சைட்டுகள் அந்தக் கணக்குக்கு அடங்காத உயர்ந்த வெப்பநிலையிலேயே மீகடத்தியாகின்றன. ஏன் என்பதில் நாற்பது வருடமாக ஆய்வாளர்களுக்குள் இணக்கமில்லை. அங்கேயும் அணு அதிர்வுதான் என்பது பரமேஸ்வரனின் கட்சி. அங்கே அந்தத் தள்ளுகையே இலத்திரன்களைச் சோடியாக்குகிறது என்பதில் ஜப்பானில் கலாநிதிப் பட்டம் வாங்கியவள் சுரேகா. தேநீர் நேரத்தில் இந்தக் கதை வந்தால் மற்ற விரிவுரையாளர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள்.

அவள் நேரே அவருடைய அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"சேர், அந்த மீகடத்தி வில்லையை அளந்தது நான்."

பரமேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். "சுகமே? இருமன்."

"இருக்க வரேல்லை. காய்ச்சலோட நிண்டு வயர் ஒட்டி, அளந்து, வார்ட்டில கிடந்துகொண்டு உங்களுக்குத் தரவு அனுப்பினனான். நீங்கள் வெளியிட்ட கட்டுரையில என்ர பெயர் எங்க?"

"வில்லை நான் சுட்டது. எண்ணம் என்ர. கோட்பாடு என்ர. நீர் நாலு வயர் ஒட்டினீர். வயர் ஒட்டினவைக்கெல்லாம் பெயர் போடத் தொடங்கினால் கரண்ட் சபைக்காரருக்கும் போட வேணும்."

"கோட்பாடு உங்கட எண்டபடியாத்தான் என்ர பெயரை வெட்டினீங்கள். நான் அந்தக் கோட்பாட்டை ஒப்புக்கொள்ள மாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "இஞ்ச பாரும். உங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் இடம் குடுத்தால் இப்பிடித்தான்."

உங்கட ஆக்கள். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுக் குளத்தின் கீழ்க் காணி பெற்றவர். அவளுடைய தகப்பன் பழனியாண்டி எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் அடிவாங்கி, ஒரு தகரப்பெட்டியோடு கிளிநொச்சிக்கு வந்து, அந்தக் காணிகளில் கூலிக்கு நாற்று நட்டவர். நடந்து ஐம்பது வருடமாகிறது. பரமேஸ்வரனுக்கு அது நேற்று.

சுரேகா வெளியே வந்தாள். அன்றே நிர்வாக சபைக்குக் கடிதம் எழுதினாள். அளவீடு முழுவதும் தன்னுடையது, கட்டுரையின் முதற்பெயர் தனக்கே வரவேண்டும் என்று எழுதினாள். பிறகு பல தடவை அவள் நினைத்து நினைத்து நாணியது அந்தக் கடிதத்தைத்தான். முப்பத்தொரு பாகையில் தடை பூச்சியம் என்று ஒரு தாள் கையில் வந்தால் எந்த ஆய்வாளருக்கும் முதலில் சந்தேகம்தான் வரவேண்டும். அவளுக்குச் சந்தேகம் வரவேண்டிய இடத்தில் கோபம் வந்து குந்திவிட்டது.

கடிதத்துக்குச் சான்று சேர்க்கத்தான் மூன்றாம் நாள் பழைய தரவைத் திறந்தாள். வெளியே உழவு இயந்திரம் ஒன்று நெல் மூட்டையோடு இரைந்துகொண்டு போனது. கணினியில் இலக்கங்கள் வரிசையாக நின்றன. முப்பத்தொரு பாகையில் பூச்சியம். நாற்பதில் பூச்சியம். அறுபதில் பூச்சியம். மின்னோட்டத்தைப் பத்து மடங்கு கூட்டிய இடத்திலும் அதே பூச்சியம். எந்த மீகடத்தியும் ஓரளவுக்கு மேல் மின்னோட்டத்தைத் தாங்காது, ஒரு கட்டத்தில் முறியும். இந்த வில்லை எதற்கும் அசையவில்லை.

அவள் கைத்தொலைபேசியை எடுத்தாள்.

ஒவ்வொரு தடவையும் வயர் ஒட்டி முடிந்ததும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுப்பது அவள் பழக்கம். அன்றைய படத்தைத் தேடி எடுத்துப் பெருப்பித்தாள். சட்டைப் பொத்தான் அளவு கறுப்பு வில்லை. அதன்மேல் வரிசையாக நான்கு வெள்ளிப்பசைப் பொட்டுகள், நான்கு மெல்லிய கம்பிகள். ஓரத்து இரண்டு கம்பிகளும் மின்னோட்டத்தை உள்ளே விடும். நடு இரண்டும் அதனால் எழும் வோல்ட்டளவை வாசிக்கும். அதிலிருந்து தடை தெரியும். நடு இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் கருவி பூச்சியம்தான் காட்டும், அடியில் எந்தப் பொருள் இருந்தாலும்.

படத்தில் நடு இரண்டு பொட்டுகளுக்கும் இடையே வெள்ளிப்பசை தலைமயிரளவு இழையாக ஓடியிருந்தது.

காய்ச்சலில் கை நடுங்கியது நினைவுக்கு வந்தது. கதிரையை விட்டு எழும்பிப்போய் முகம் கழுவினாள். உலகச் சாதனை அவளுடைய கை நடுக்கம்.

அன்று மாலையே சபையின் பதில் வந்தது. துறைத் தலைவர் பெருந்தன்மையோடு இணங்கியுள்ளார், கட்டுரையின் முதற்பெயர் சுரேகா பழனியாண்டி, அடுத்த சனிக்கிழமை நடக்கும் பாராட்டு விழாவில் கருவியை இயக்கிக் காட்டுவதும் அவரே. பதினோராம் திகதியிட்ட கடிதம்.

மறுநாள் காலை அவள் படத்தைக் கொண்டுபோய்ப் பரமேஸ்வரனின் மேசையில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். அதிரவில்லை. அதுதான் அவளை அதிரவைத்தது.

"உங்களுக்கு முதலே தெரியும்."

அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். கட்டுரையைப் படித்த வெளிநாட்டுப் பேராசிரியை ஒருவர் எழுதிய மின்னஞ்சல். நடுத் தொடுகைகளுக்கு இடையே குறுக்கிணைப்பு இல்லையென்று உறுதிசெய்தீர்களா, மீண்டும் அளந்தீர்களா என்று கேட்டிருந்தார். திகதி ஒன்பது. அவள் பெயர் ஏறியது அதற்கு இரண்டு நாள் பிந்தி.

"முதற்பெயர் கேட்டீர். தந்திருக்கிறன்," என்றார் பரமேஸ்வரன். "பிழை எண்டு வந்தால் அதுவும் முதற்பெயருக்குத்தான் வரும்."

"விழாவை நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்டேலாது. லண்டனிலயிருந்து ஆக்கள் வந்து இறங்கீட்டினம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன சனம் கோயில் வீதியில என்னை மறிச்சுக் கையைப் பிடிச்சு அழுதது, தெரியுமே உமக்கு? இந்த மண்ணிலயிருந்து உலகத்துக்குப் போன செய்தியெல்லாம் என்ன செய்தி? ஒரு நல்ல செய்தி போகட்டுமே. ஆறு மாசத்தில அவையே மறந்துபோவினம்."

"பொய்ச் செய்தி, சேர்."

"பிழை வேற, பொய் வேற. பிழை நீர் விட்டது."

"ஒன்பதாம் திகதிக்குப் பிறகு அது பொய். அது நீங்கள் சொல்லுறது."

அவர் எழும்பிக் கதவைத் திறந்து பிடித்தார். "சனிக்கிழமை வந்து பொத்தானை அமத்தும். வராட்டி, பொறாமையில நிண்டிட்டா எண்டு நான் மேடையில சொல்லுவன். சனம் நம்பும். நீர் எழுதின கடிதம் சபையிட்ட இருக்கு."

உண்மைதான். பெயருக்காகச் சண்டை பிடித்தவள் பெயர் வந்த மறுநாளே எல்லாம் பிழை என்றால் எவர் நம்புவார்?

வெள்ளிக்கிழமை பாரதிபுரத்தில் ஜனகனை அவன் வீட்டு வாசலில் பிடித்தாள். ஊர் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் ஜனகன் விந்துக் குழாய்களைத் திரவ நைதரசன் நிரப்பிய கொள்கலத்தில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிபவன். பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு பாகைக் குளிர் கிளிநொச்சியில் அந்தக் கொள்கலத்தில்தான் கிடைக்கும்.

"ஒரு குடுவை வேணும். நாளைக்குப் பத்து மணிக்கு மண்டபத்துக்குக் கொண்டுவாறீங்களா?"

"எந்த மாட்டுக்கு, டீச்சர்?"

"மாட்டுக்கில்லை."

ஜனகன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பிப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் லண்டன்காரர்கள், கழுத்தில் பூமாலைகளோடு. கடைசி வரிசையில் பழனியாண்டி, வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. மகளின் பெயர் அச்சடித்த அழைப்பிதழைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். அவர் வருவாரென்று அவளுக்குத் தெரியாது.

பரமேஸ்வரன் அரைமணி நேரம் பேசினார். அணு அதிர்வு பற்றி, தன் கோட்பாடு பற்றி, போர்க்காலத்தில் ஒரு மின்மானியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்தது பற்றி. அதைக் கேட்டுப் பெண்கள் கண் துடைத்தார்கள். பிறகு கையை நீட்டி, "எங்கட சுரேகா இப்ப உங்களுக்கு அளந்து காட்டுவா," என்றார்.

கருவியின் வாசிப்புப் பெரிய திரையில் விழுந்தது. அவள் வில்லையை வைத்தாள். பூச்சியம். கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை நின்றாள். பிறகு பையிலிருந்து ஒரு பென்சில் கரித்துண்டை எடுத்தாள். வீட்டிலேயே நான்கு கம்பிகளையும் ஒட்டிக் காயவைத்துக் கொண்டுவந்தது.

"இது கொப்பிக்கடையில வாங்கின பென்சில்," என்றாள். கருவியில் இணைத்தாள். திரையில் ஓர் இலக்கம் வந்தது. "பென்சிலுக்குத் தடை இருக்கு. இப்ப பாருங்கோ." ஈர்க்குக் குச்சியால் வெள்ளிப்பசையைத் தொட்டு நடு இரண்டு கம்பிகளுக்கும் இடையே ஓர் இழை இழுத்தாள். திரையில் பூச்சியம்.

முன்வரிசைக்காரர்கள் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

"பென்சிலும் உலகச் சாதனை செய்யுது. அந்த வில்லையிலயும் நடந்தது இதுதான். நடுக் கம்பி ரெண்டும் தொட்டிருக்கு. ஒட்டினது நான். பிழை என்ர."

"சுரேகா!" என்றார் பரமேஸ்வரன், ஒலிவாங்கியில்லாமல்.

அவள் நிறுத்தவில்லை. ஜனகன் கொண்டுவந்த குடுவையைச் சரித்துத் தகரக் கிண்ணத்தில் ஊற்றினாள். மேசைமேல் வெண்புகை வழிந்தது. ஜப்பானிலிருந்து கொண்டுவந்த செப்பு ஒட்சைட்டு வில்லையை அதில் இறக்கி, இரைச்சல் அடங்கியதும் அதன்மேல் ஒரு சிறு காந்தத்தை வைத்தாள். காந்தம் தொடாமல் அந்தரத்தில் நின்றது; உண்மையான மீகடத்தி காந்தத்தைத் தள்ளிப்பிடிக்கும். எடுத்துப் பனியை உதறி மறுபக்கம் பிரட்டி வைத்தாள். அப்போதும் நின்றது; அடியில் இருந்தது சாதாரணக் காந்தமென்றால் மறுபக்கம் ஒட்டியிருக்கும். பிறகு அதே காந்தத்தைப் பரமேஸ்வரனின் வில்லைமேல் வைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது, கல்லுமேல் கல் வைத்ததுபோல.

"எரிச்சலடி உனக்கு!" என்று நடுவிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "பெயருக்கு அடிபட்டவதானே இவ!" என்றது இன்னொரு குரல். மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தோட்டக்காட்டுக் குணம் போகுமே?"

ஆறு வருடமாக அந்த நிறுவனத்தில் அவள் அவர்களுடைய தமிழிலேயே பேசிவந்தாள். ஓம், எண்டு, போனனான். அந்த நேரத்தில் அது நாக்கில் நிற்கவில்லை. வீட்டுப் பேச்சு வந்தது.

"ஆமாங்க, தோட்டத்து ஆளுதான். அதுனாலதான் தப்ப தப்புன்னு சொல்றேன். இவருக்கு ஒம்பதாந் தேதியே தெரியும். வெளிநாட்டுலேருந்து கடுதாசி வந்துச்சு. அதுக்கப்புறந்தான் ஏம் பேர மொதல்ல போட்டாரு. கேளுங்க அவர!"

பரமேஸ்வரன் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். ஒரு கணம்தான். பிறகு அவருடைய குரல் துக்கத்தோடு வந்தது. "எனக்கும் கொஞ்ச நாளாச் சந்தேகம் இருந்தது. எங்கட பிள்ளையை நம்பினன். அளக்கத் தெரியாதவையிட்ட வேலையைக் குடுத்தது என்ர பிழை. சபை மன்னிக்க வேணும்."

சனம் அவருக்குக் கைதட்டியது. சுரேகா கிண்ணத்தில் மிச்சமிருந்த நைதரசன் கொதித்து அடங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியேறும்போது யாரோ தோளால் இடித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் பழனியாண்டி வேட்டியை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சாப்டீங்களாப்பா?"

"எதுக்கு என்னய அங்க உக்கார வச்ச?"

"நான் வரச்சொல்லலையே."

"பேரு வந்திருச்சுல்ல. வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? இந்த ஊருல இத்தன வருசம் தலயக் குனிஞ்சே நடந்தேன் புள்ள. இன்னைக்கு ஒருநாள் நிமிந்து உக்காந்தேன். அதயும் நீயே கெடுத்திட்ட."

"பொய்யில நிமிந்து என்னாப்பா ஆவப்போவுது?"

"எல்லாரும் அதுலதானே நிமிந்து நிக்கிறானுங்க!" என்று கத்தினார். பிறகு ஒரு கிழமை அவளோடு பேசவில்லை.

விசாரணை வந்தது. மூன்று பேர், இரண்டு அமர்வு. பரமேஸ்வரனின் கணினியில் அந்த மின்னஞ்சல் இல்லை. அழித்திருப்பார் என்று அவள் சொன்னதை எழுதக்கூட இல்லை. ஆனால் மூன்றாம் கிழமை அந்தப் பேராசிரியை, பதில் வராத எரிச்சலில், நிறுவனத்தின் பொது முகவரிக்கே முதல் மின்னஞ்சலையும் சேர்த்து அனுப்பினார். திகதி ஒன்பது. சபையால் அதை மறைக்கவும் முடியவில்லை, சகிக்கவும் முடியவில்லை. கட்டுரை மீளப்பெறப்பட்டது. பரமேஸ்வரனின் தலைமைப் பதவி போயிற்று, வேலை போகவில்லை. சுரேகாவுக்குக் கண்டனக் கடிதம். இருவரையும் தனித்தனியாக நம்பமுடியாது என்று தீர்மானித்த சபை, அந்த வில்லையை இருவரும் ஒன்றாக இருந்து சரியாக அளந்து, இருவரும் கையொப்பமிட்டு அறிக்கை தரவேண்டும் என்று உத்தரவிட்டது.

அப்படியாக ஓகஸ்ட் மாதத்து வெக்கையில் இருவரும் ஒரே மேசையின் இரு பக்கமும் வந்து குந்தினார்கள். காலை வணக்கம் இல்லை. அவள் வயர் ஒட்டும்போது அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அவள் தோளுக்குமேல் நின்றார். அவர் இலக்கம் எழுதும்போது அவள் ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்தாள். அவர் தேநீர் குடிக்கப் போனால் அவள் கருவியை நிறுத்திவைத்தாள். அவள் போனால் அவர் நிறுத்திவைத்தார்.

நான்காம் நாள் வரைபடம் முழுமையாயிற்று. மீகடத்தி இல்லை. கடுங்குளிரிலிருந்து நூற்றிருபது பாகை வரைக்கும் தடை ஒரே நேர்கோடாக ஏறியது. சுரேகா நீண்டநேரம் பார்த்தாள்.

"தடை இவ்வளவு பெரிசு," என்றாள், அவரைப் பார்க்காமல். "இந்தக் கணக்குக்கு இலத்திரன் பக்கத்து அணுவுக்குப் போய்ச் சேரமுதலே மோதிப்போகுது. அதுக்கு மேல மோத இடமில்லை. கோடு வளைய வேணும். வளையேல்லை. இது சாதாரண உலோகமில்லை. உங்கட அணு அதிர்வு இதைச் சொல்லாது."

"என்ன விசர்க்கதை?" பரமேஸ்வரன் தாளை இழுத்தெடுத்தார். "வில்லை முழுக்கத் துவாரம். மின்னோட்டம் எத்தினை வளைவு வளைஞ்சு போகுதெண்டு உமக்குத் தெரியுமே? உண்மையான பருமன் தெரியாமல் தடை பெரிசு எண்டு எப்பிடிச் சொல்லுவீர்? பத்து மடங்கு பிழைக்கலாம். ஆசையில அளக்கிறீர். அந்தமுறை நான் செய்த வேலையை இந்தமுறை நீர் செய்யிறீர்."

அவள் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. அது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப இறுக்கமா இன்னொண்டு சுடுங்கோ. துவாரமில்லாமல். உங்களால ஏலுமெண்டால்."

"ஏலும். முப்பது வருசமாச் சுடுறன். ஒட்டத்தான் ஆள் சரியில்லை."

"சுட்டுப்போட்டு வந்து பக்கத்தில நிண்டு பாருங்கோ, எப்பிடி ஒட்டுறதெண்டு."

"நிப்பன். உம்மை நம்பி விட ஏலாது."

"எனக்கும் அப்பிடித்தான். திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திறப்போட வாங்கோ. பிந்தினால் சபைக்கு எழுதுவன்."

"எழுதும், எழுதும். எழுதுறதுதானே உமக்கு வேலை," என்றபடி பரமேஸ்வரன் உலைப்பக்கம் போய்ப் பொடி அரைக்கும் உரலைத் தேடத் தொடங்கினார். அவள் வரைபடத்தில் திகதி போட்டு, தன் கையொப்பத்தை வைத்து, அவருடைய இடத்தை வெறுமையாக விட்டு, தாளை அவர் பக்கத்து மேசைக்குத் தள்ளினாள்.